சிப்பி வெள்ளைச் சுவரும் பல் டாக்டரும்

தண்ணீர் நன்றாக இறங்கிவிட்ட நேரமாகப் பார்த்து, கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிவிட்டு, பல்லைக் குத்திப் பார்க்கிற கொக்கி ஊசியோடு அவள் சேற்றில் இறங்குவாள். வீட்டுக்குப் பின்னால், கடலுக்குப் போகும் உப்பங்கழியின் ஓரத்தில், அவர்களுடைய சின்னப் படகுத்துறை நின்றது. பலகைத் தளத்தைத் தாங்கிய மரக்கால்களை ஒவ்வொன்றாக ஊசியால் குத்துவாள். சுத்தியல் காம்பால் தட்டிக் காதை வைத்துக் கேட்பாள். நல்ல மரம் 'டொக்' என்று பதில் சொல்லும். புழு தின்ற மரம் வாயே திறக்காது.

"இதுவும் போச்சு," என்று மேலே பார்த்துச் சொல்வாள். "வெளியே என்னமா மினுக்குது! உள்ளே ஒண்ணும் கிடையாது. நம்ம சங்கத் தலைவர் மாதிரி."

மேலே, தளத்தின் நுனியில், சக்கர நாற்காலியில் அவளுடைய கணவர் உட்கார்ந்திருப்பார்.

"அப்படியா," என்பார்.

அவருக்கு மிஞ்சியிருந்தது அந்த ஒரு வார்த்தைதான். பக்கவாதம் வலது கையையும் வலது காலையும் மற்ற எல்லா வார்த்தைகளையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. அந்த ஒன்றை வைத்துக்கொண்டு அவர் கோபப்படுவார், கேலி செய்வார், தண்ணீர் கேட்பார், நன்றி சொல்வார். வேலையில் இருந்தவரை, இக்கரைக்கும் அக்கரைக்கும் ஆள் ஏற்றும் படகை ஓட்டியவர். வீட்டுக்குள் இருந்தால் கண்ணை மூடிக்கொள்வார், ஊட்டினாலும் வாயைத் திறக்கமாட்டார். துறையின் நுனியில் கொண்டுபோய் உட்காரவைத்தால் முகத்துக்கு உயிர் வந்துவிடும். சாப்பிடுவார். போகிற படகுகளின் ஓட்டத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார். ஆகவே அந்தத் துறை அவளுக்கு வெறும் பலகையும் காலும் இல்லை. அது விழுந்தால் அவரும் விழுந்தார் என்று அவளுக்குத் தெரியும்.

அவள் பல் டாக்டர். கடைத்தெருவில், கடிகாரம் பழுது பார்க்கிறவரின் கடைக்கு மேலே, செங்குத்தான படி ஏறிப் போகவேண்டிய ஓர் அறை. ஒரு நாற்காலி, ஒரு விளக்கு, அழுகிற குழந்தைகளுக்காகச் சுவரில் ஒட்டிய சிரிக்கும் முதலை. முடி நரைத்து, கை லேசாக நடுங்கத் தொடங்கும்வரை அங்கேதான் வேலை பார்த்தாள். "பளபளன்னு உடுத்திட்டு வருவாங்க. வாயைத் திறந்தா சாக்கடை," என்பாள். வலிக்கிறதா என்று கேட்கமாட்டாள். "வலிக்கும்" என்று சொல்லிவிட்டுப் பிடுங்குவாள். தெருவில் அவளுக்குக் குறடு என்று பெயர். அது அவளுக்கும் தெரியும். நல்ல கருவி, கெட்ட பெயர் ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொள்வாள்.

கழியோர வீட்டுக்காரர்களை அவள் மதித்ததே இல்லை. கோடி வீட்டில் ஓர் ஏற்றுமதிக்காரர். அஸ்தமனம் தெரிகிற வீடுதான் வேண்டும் என்று அலைந்து வாங்கினார், வாங்கிய நாளிலிருந்து வெயில் அடிக்கிறது என்று திரையை இழுத்து மூடிவைத்திருந்தார். அதற்கு இந்தப் பக்கம் ஒரு தம்பதி. படகில் ஏறினால் தலை சுற்றுகிறவர்கள், வாசலில் படகு நிற்காவிட்டால் கௌரவம் இல்லை என்று ஒன்றை வாங்கிக் கட்டியிருந்தார்கள். அதில் நாரைகள் குடியிருந்தன. தண்ணீரோரத்தில் வீடு வேண்டும், ஆனால் தண்ணீர் ஈரமாக இருக்கக்கூடாது. அதுதான் அவர்கள் எல்லோருக்கும் இருந்த ஒரே குறை.

அடுத்த வீட்டில் அவளுடைய தம்பி. அப்பா விட்டுப்போன ஒரே மனையை இரண்டாகப் பிரித்து இருவரும் வீடு கட்டிக்கொண்டவர்கள். தம்பி பெயின்ட் கம்பெனியில் விற்பனை மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவன். எதைப் பார்த்தாலும் அதன் நிறத்தின் பெயர்தான் அவன் வாயில் முதலில் வரும். கழியோரக் குடியிருப்போர் சங்கத்துக்கு அவன்தான் தலைவன். போட்டி போட ஆள் இல்லாததால் தொடர்ந்து தலைவன்.

அந்த வருடம், தண்ணீருக்குள் தூண்களை இடித்து இறக்குகிற பைல் மிதவை கழிக்கு வரப்போவதாகச் செய்தி வந்தது. அது வருவதே அபூர்வம். வந்திருக்கும்போதே எல்லோரும் கரைக்குத் தடுப்புச்சுவர் கட்டிக்கொள்ளலாம், துறைக்குப் புதுக்கால் போட்டுக்கொள்ளலாம் என்று தம்பி தன் வீட்டுக் கூடத்தில் கூட்டம் போட்டான். மிதவையின் மேஸ்திரியும் வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தார். இரும்புத் தகடா, கான்கிரீட் பலகையா, பிளாஸ்டிக்கா, சுவரே வேண்டாமா, சரிவாகப் பாறை கொட்டினால் போதுமா என்று அவர் விரல் மடக்கிச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருவரும் கேட்கவில்லை. எல்லோர் கையிலும் தம்பி கொடுத்திருந்த நிற அட்டை இருந்தது.

"தண்ணியிலேர்ந்து பார்த்தா எல்லா வீடும் ஒண்ணு போல தெரியணும்," என்றான் தம்பி. "சிப்பி வெள்ளை. கான்கிரீட்ல போட்டா அது தனி அழகு."

"பனி வெள்ளை கொஞ்சம் இதமா இருக்குமோ?" என்றார் ஏற்றுமதிக்காரர்.

"பனி வெள்ளை குளியலறைக்கு, சார்."

அவள் பின்வரிசையில் இருந்து கேட்டாள். "மேஸ்திரி, சுவருக்குப் பின்னால சேர்ற தண்ணி எந்த வழியா வெளியே போகும்?"

"அடியில வரிசையா ஓட்டை விடுவோம்மா. வடிஞ்சிடும். பின்பக்கம் ஜல்லி போடுவோம்."

"அந்த ஓட்டையெல்லாம் வெளியே தெரியுமா?" என்றாள் படகு வைத்திருந்த அம்மாள், முகத்தைச் சுளித்துக்கொண்டு.

"தெரியும்மா. கொஞ்சம் கறையும் படியும். துரு மாதிரி."

கூடத்தில் ஒரு முனகல் எழுந்தது. தம்பி கையமர்த்தினான். "அதை அப்புறம் பார்த்துக்கலாம். வேணும்னா அடைச்சுடலாம்."

அப்போதுதான் அவள் வாய் சும்மா இருக்க மறுத்தது.

"அடைப்பான், அடைப்பான்!" என்றாள் எழுந்து. "இவனுக்கு அதுல அனுபவம் உண்டு. பள்ளிக்கூடத்துல படிக்கிறப்போ கடைவாய்ப்பல்லு ஓட்டையாகி சீழ் வச்சிருக்கு. யார்கிட்டயும் சொல்லாம மெழுகை உருட்டி உள்ளே வச்சு அடைச்சுக்கிட்டான். மறுநாள் மூஞ்சி பூசணிக்காய் மாதிரி வீங்கி, கண்ணே தெரியாம அம்மா மடியில விழுந்து கதறினான். சீழுக்கும் மழைத் தண்ணிக்கும் ஒரே குணம்தான். வழி விடலேன்னா தானா வழி பண்ணிக்கும். உங்க சுவரைக் கடல் தள்ளாது. உங்க புல்தரைதான் தள்ளும். பெயின்ட் டப்பா தூக்கினவன் பேச்சைக் கேட்டுக் கட்டுங்க, நல்லா இருக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். தண்ணீரைப் பற்றி அவள் சொன்னது ஒரு காதிலும் ஏறவில்லை. பூசணிக்காய் மட்டும் ஏறியது. தம்பி சிரிக்கவில்லை. நிற அட்டைகளைத் திரும்ப வாங்கி, ஓரம் சரிபார்த்து அடுக்கினான். அன்றிலிருந்து அவளோடு பேச்சு நின்றது.

மிதவை வந்தது. ஜன்னல் கண்ணாடிகள் அதிர, நாள் முழுக்கக் கழியில் இடி இறங்கியது. அவள் மேஸ்திரியோடு சேற்றில் நின்று துறைக்குக் கால் தேர்ந்தெடுத்தாள். கான்கிரீட் கால் போட்டால் பழைய தளம் பாரம் தாங்காது. இரும்பு, தண்ணீர் ஏறி இறங்குகிற இடத்தில் துரு தின்று இடுப்பொடிந்துவிடும். மருந்து ஏற்றிய மரம்தான் சரி, ஆனால் சேற்றுக்குக் கீழேயிருந்து அலை தொடுகிற உயரம்வரை பிளாஸ்டிக் உறை போடவேண்டும். அப்போது புழுவுக்கு மூச்சு விட வழி இருக்காது.

"பல்லுக்கு மேலே போடுவோமே, அதே உறைதான்," என்று கணவரிடம் சொன்னாள்.

"அப்படியா," என்றார் அவர், அது தனக்குத் தெரியாதா என்ற தொனியில்.

கரைக்கு அவள் சுவர் கட்டவில்லை. சரிவாகப் பாறைகளைக் கொட்டச் சொன்னாள். அலை வந்து பாறை இடுக்கில் புகுந்து களைத்துப் போகும், மழைத் தண்ணீர் தன்பாட்டுக்கு இறங்கும். சங்கத்தில் அதற்குக் குப்பைமேடு என்று பெயர் வைத்தார்கள்.

ஒரு சிக்கல் இருந்தது. அப்பா காலத்துத் துறை இரண்டு மனைகளுக்கும் நடுவில் நின்றது. அவள் பக்கம் பாறைச் சரிவு. சக்கர நாற்காலி போகாது. தம்பியின் பக்கம்தான் சமதளம். பேச்சு நின்ற பிறகும் தம்பி மேஸ்திரியிடம் சொல்லி, துறையின் கரைப்பக்கத் தலையைத் தன் புதுச்சுவரின் மேல் உட்காரவைத்துக் கம்பியால் முடுக்கச் செய்திருந்தான். படி இல்லாமல், மேடு இல்லாமல், நாற்காலி வழுக்கிக்கொண்டு போகும். இரு தோட்டங்களுக்கும் நடுவில் இருந்த வாசல் கதவையும் அவன் பூட்டவில்லை. தினமும் அந்த வழியாகத்தான் அவள் கணவரைத் தள்ளிக்கொண்டு போனாள். தம்பி திண்ணையில் உட்கார்ந்து செய்தித்தாளை உயர்த்திப் பிடித்துக்கொள்வான். அவளும் அவன் பக்கம் திரும்பமாட்டாள். அவ்வளவு உபகாரத்தையும் வாங்கிக்கொண்டு, "தாளைத் தலைகீழா பிடிச்சிருக்கான், பாருங்க," என்று கணவரின் காதில் சொல்லிக்கொண்டே போவாள்.

சிப்பி வெள்ளைச் சுவர்கள் ஒரே நேராக நின்றன. தண்ணீரிலிருந்து பார்க்க எல்லா வீடும் ஒன்று போலத்தான் இருந்தது, தேநீர்க் கடை பெஞ்சில் உட்கார்ந்த ஒரே கம்பெனி ஆட்கள் போல. முதல் தூறலுக்கே ஒவ்வொரு வடிதுளையின் கீழும் பழுப்பு நாக்கு ஒன்று தொங்கியது. சங்கம் அலறியது. வெள்ளைச் சுவர் வெற்றிலை போட்டுத் துப்புகிறது என்றார் ஏற்றுமதிக்காரர். சுவர் கட்டினவன் ஏமாற்றிவிட்டான், ஒழுகுகிறது என்றாள் படகு அம்மாள். ஒழுகுவதற்காகத்தான் அந்த ஓட்டை என்று சொல்ல மேஸ்திரி அங்கே இல்லை. மிதவை வேறு கழிக்குப் போயிருந்தது.

ஒரு மதியம், சங்கம் அனுப்பிய ஓர் ஆள் படகில் வந்து ஒவ்வொரு துளைக்கும் ரப்பர் மூடி அடித்து, மேலே சிமெண்டு பூசி, சிப்பி வெள்ளை அடித்துக்கொண்டு போனான். தம்பியின் சுவருக்கும் வந்தான். அவள் ஜன்னலில் நின்று பார்த்தாள். இறங்கிப் போய்ச் சொல்லியிருக்கலாம். கதவு திறந்துதான் இருந்தது. 'ஒரு தடவை சொன்னாச்சு. காது இருக்கிறவன் கேட்டுக்கட்டும்' என்று திரையை விட்டாள்.

அதற்குப் பிறகு மழை பிடித்துக்கொண்டது. விட்டு விட்டு இல்லை. வானம் எதையோ மறந்துபோய்த் திரும்பத் திரும்பச் சொல்வது போல ஒரே மழை. புல்தரைகள் ஊறி, மிதித்தால் செருப்பைப் பிடித்துக்கொண்டன. கழி மட்டும் தட்டில் ஊற்றின பால் மாதிரி அசையாமல் கிடந்தது. தண்ணீர் இறங்கியிருந்த ஒரு காலையில், கோடி வீட்டுப் பக்கம் பெரிய மூட்டையைக் கீழே போட்டது போல ஒரு சத்தம். ஏற்றுமதிக்காரரின் சுவர் முன்பக்கமாகக் குப்புற விழுந்து கிடந்தது. அவருடைய புல்தரையும் மூங்கில் நாற்காலிகளும் அதன் முதுகில் ஏறி உட்கார்ந்திருந்தன.

"கடல் தள்ளிடுச்சு!" என்று குடைக்குக் கீழே நின்று எல்லோரும் சொல்லிக்கொண்டார்கள். கடல் அங்கே இல்லவே இல்லை. சேறும், அதன் மேல் முழங்காலளவு தண்ணீரும்தான் தெரிந்தன.

அவள் சிரிக்கத் தயாராகத்தான் போனாள். போகிற வழியில் துறையின் தலைப்பக்கம் கண் போயிற்று. தளத்தின் விட்டத்துக்கும் தம்பியின் சுவருக்கும் நடுவே ஒரு கோடு. பையிலிருந்து ஊசியை எடுத்து நுழைத்தாள். கைப்பிடிவரை போயிற்று. நேற்று அந்த இடத்தில் ஊசி நுனிகூட ஏறியிருக்காது. முடுக்கிய கம்பி வளைந்து முனகிக்கொண்டிருந்தது. சுவர் போனால் துறையின் தலையைப் பிடித்து இழுத்துக்கொண்டுதான் போகும். புதுக்கால், உறை, எல்லாம் சேர்ந்து ஒரே பல்வரிசையாகப் பெயர்ந்துவிடும்.

கணவர் மழைச்சட்டையோடு நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"உள்ளே வரணும். தள்ளிட்டுப் போறேன்."

"அப்படியா," என்று இடது கையால் பக்கத்து மரக்காலைப் பற்றிக்கொண்டார். வரமாட்டார்.

"சரி, இருங்க. இருந்து இதைப் பிடிங்க." துறையில் கட்டியிருந்த சின்னப் படகின் கயிற்றை அவர் கையில் கொடுத்தாள். அவர் அதை வாங்கி, ஒரே கையால், பல்லின் உதவியோடு, மரக்காலைச் சுற்றி ஒரு சுற்றுப் போட்டு இழுத்துப் பிடித்தார். அவரது சம்பளக்காலத்து முடிச்சு. அவள் உளியும் சுத்தியலும், பெட்டியின் அடியில் கிடந்த பழைய கடைவாய்ப்பல் குறடும் எடுத்துக்கொண்டு படகில் இறங்கிச் சுவரோரமாகத் தள்ளிப் போனாள்.

சிமெண்டைப் பெயர்த்து ரப்பரைக் குறடால் கவ்வி ஆட்டிக்கொண்டிருந்தபோது தலைக்கு மேலே குடை ஒன்று வந்தது.

"என் சுவர்ல என்ன பண்றே?" பேச்சு நின்றபின் தம்பி பேசிய முதல் பேச்சு.

"வைத்தியம். நோயாளி பேசக்கூடாது."

"யாரைக் கேட்டு?"

"உன்னைக் கேட்டா நிறம் சொல்வே. நகரு."

"எப்பவும் இப்படித்தான், அக்கா! அன்னைக்குக் கூட்டத்துல நீ அந்த ஓட்டையைப் பத்தி மட்டும் சொல்லியிருந்தா கேட்டிருப்பேன். பல்லுக் கதை எதுக்கு? அப்போ ஏன் மெழுகு வச்சேன்னு என்னைக்காவது கேட்டிருக்கியா? வலிக்குதுன்னு சொன்னா நீ சிரிப்பே. அதுக்குத்தான் வச்சேன். இந்த மூடியையும் அதுக்குத்தான் வச்சேன்."

அவளிடம் எல்லாவற்றுக்கும் பதில் உண்டு. அப்போதும் ஒன்று நுனிநாக்கில் இருந்தது, நல்ல கூரான பதில். குறடு ரப்பரைக் கவ்விப் பிடித்திருந்தது. இரண்டு கையும் அதில் இருந்தன. பதிலை விழுங்கிவிட்டு இழுத்தாள்.

மூடி வந்தது. கூடவே பழுப்புத் தண்ணீர் ஒரு முழம் பாய்ந்து அவள் மார்பில் அடித்தது. படகு பின்னால் தள்ளாடியது. கயிறு இறுகியது, மேலே ஒரு கை அதை விடாமல் பிடித்திருந்தது.

"அப்படியா!" என்ற சத்தம் துறையிலிருந்து வந்தது. பக்கவாதத்துக்குப் பிறகு அவர் அவ்வளவு உரக்கச் சிரித்து யாரும் கேட்டதில்லை.

தம்பி எட்டிப் பார்த்தான். ஓட்டையிலிருந்து குழாய் மாதிரி கொட்டிக்கொண்டிருந்தது. அவன் காலடியில் புல்தரை லேசாக இறங்கியதோ என்னவோ, குடையைப் போட்டான். செருப்பைக் கழற்றினான்.

"அடுத்தது எங்கே?"

"உன் மூக்குக்கு நேரே கீழே. இறங்கி வா. உளியைப் பிடிக்கத் தெரியுமா, இல்லை பிரஷ்தானா?"

"அக்கா."

"சரி. இறங்கு."

அவன் இறங்கி உளியைப் பிடித்தான். அவள் அடித்தாள். ஒவ்வொரு மூடியும் வந்தபோது இருவர் மேலும் சேறு அடித்தது. கடைசித் துளை திறந்தபோது சுவர் ஒரு முனகலோடு நின்ற இடத்தில் நின்றது, முன்பக்கம் கொஞ்சம் சாய்ந்து, எத்துப்பல் மாதிரி. அந்தச் சாய்வு அதற்கப்புறம் போகவே இல்லை. ஆனால் துறை தப்பியது.

மற்ற சுவர்களுக்கு அவள் போகவில்லை. தம்பிதான் சட்டையெல்லாம் சேறோடு வீடு வீடாக ஓடிச் சொன்னான். "அடைச்சது நீங்கதானே, இப்போ திறக்கவும் நீங்கதானா?" என்று கேட்டு, சங்கக் கூட்டம் போட்டு முடிவெடுக்கலாம் என்றார்கள். முடிவெடுப்பதற்குள் படகு அம்மாளின் சுவர் அவள் படகின் மேலேயே விழுந்தது. நாரைகள் மட்டும் முன்கூட்டியே கிளம்பிவிட்டிருந்தன.

மழை விட்டபின் எல்லோரும் புதுச்சுவர் கட்டினார்கள். மீண்டும் அதே கூடம், அதே நிற அட்டை. ஏற்றுமதிக்காரர் எழுந்து, ஆராய்ந்து கண்டுபிடித்தவர் போலச் சொன்னார்: தப்பு சுவரில் இல்லை, வெள்ளையில்தான். இந்த முறை துரு நிறம் அடித்துவிட்டால் கறை தெரியாது. துளைகள் திறந்தே இருக்கலாம். கை தட்டி ஏற்றுக்கொண்டார்கள். இன்றைக்கும் கழியோரம் முழுக்கத் துரு நிறச் சுவர்கள்தான். துளைகள் ஒழுகுகின்றன, சுவர்கள் நிற்கின்றன, ஏன் நிற்கின்றன என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. அந்தக் கூட்டத்தில் அவள் வாயைத் திறக்கவில்லை. தம்பி இரண்டு தடவை அவள் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

கணவர் அதற்கப்புறமும் ஒரு கோடை முழுக்கத் துறையின் நுனியில் உட்கார்ந்து, எதிர்க்கரைப் படகோட்டிகளை உதடு பிதுக்கிப் பார்த்தார். மறு மழைக்கு முன்னால் ஒரு சாயங்காலம், நல்ல நீரேற்றத்தில், அங்கேயே போய்ச் சேர்ந்தார். வந்தவர்கள் ஆறுதலாக ஏதேதோ சொன்னார்கள். அவள் எல்லோருக்கும் ஒரே பதிலைத்தான் சொன்னாள்: "அப்படியா."

நாற்காலியைத் துறையிலிருந்து எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. தண்ணீர் இறங்கும்போதெல்லாம் ஊசியோடு இறங்கிக் கால்களைத் தட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒன்றுமே கெடவில்லை. மேலே பார்த்துச் சொல்ல ஒரு வசவும் கிடைக்காத வருத்தம்.

அப்படி ஒரு காலையில், தம்பி வாசல் கதவு வழியாக வந்து தளத்தின் மேல் நின்றான். நாற்காலியில் உட்காரவில்லை, பக்கத்தில் பலகையில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டான். ஒரு கன்னம் சற்று உப்பியிருந்தது.

"அக்கா," என்றான். "பல்லு வலிக்குது."

சிரிப்பு அவளுக்குத் தொண்டைவரை வந்தது. அவள் கழியின் பக்கம் திரும்பி அதை விழுங்கினாள். பிறகு ஊசியைச் சட்டையில் துடைத்துவிட்டு, 'இதால் இல்லை, கவலைப்படாதே' என்பது போலப் பையில் போட்டு, சேற்றிலிருந்து ஏறி வந்தாள்.

"எந்தப் பக்கம்?" என்று கேட்டாள். "ரொம்ப வலிக்குதா?"